டொமினிகன் பாரம்பரிய இசை: மெரெங்கே, பச்சாத்தா தாண்டி என்ன கேட்கலாம்?

இசைப்பித்தன்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். டொமினிகன் குடியரசின் இசை என்று தேடினால் திரும்பத் திரும்ப இரண்டே பெயர்தான் வருகிறது. மெரெங்கே, பச்சாத்தா. முன்னதை 2016லும் பின்னதை 2019லும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது என்பது வரை தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்குக் கிடைத்த மெரெங்கே எல்லாம் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் போட்டி போடும் எண்பதுகளின் டான்ஸ் ஹால் சமாச்சாரம். பச்சாத்தாவோ ஸ்டூடியோவில் வழவழவென்று மெருகேற்றியது.

கிராமத்தில், சாமி கும்பிடும் இடத்தில், சாவு வீட்டில் அங்கே என்ன வாசிக்கிறார்கள்? அதைத்தான் கேட்க ஆசை. ஸ்பானிஷ் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சும்மா_வந்தேன்

டொமினிக்காவில் ஆங்கிலம்தானே பேசுவார்கள்? ஸ்பானிஷ் எதற்கு?

வாசு_நியூயார்க்

அது வேறு தீவு. குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் இருக்கும் சின்ன டொமினிக்கா. அங்கேயும் ஜிங் பிங் என்று அக்கார்டியன் வைத்த அருமையான கிராமிய இசை உண்டு. தனி இழை போடுங்கள், வருகிறேன். இங்கே பேச்சு ஹைட்டியோடு ஒரே தீவைப் பங்கு போட்டிருக்கும் டொமினிகன் குடியரசைப் பற்றி.

இசைப்பித்தன், நான் இருப்பது மன்ஹாட்டனின் வடக்கே, வாஷிங்டன் ஹைட்ஸில். டொமினிகன் மக்கள் அடர்த்தியாக வாழும் பகுதி. கோடை வந்தால் தெருவில் நிற்கும் கார்களே கச்சேரி நடத்தும். என் சிபாரிசு: மெரெங்கேயைத் தாண்டுவதற்கு முன்னால் சரியான மெரெங்கேயைக் கேளுங்கள். நீங்கள் கேட்டது ஆர்க்கெஸ்ட்ரா மெரெங்கே. கிராமத்து வடிவத்துக்கு மெரெங்கே திப்பிக்கோ என்று பெயர். பெரிகோ ரிபியாவோ என்றும் சொல்வார்கள்.

பிறந்த இடம் வடக்கே சிபாவோ பள்ளத்தாக்கு, தலைநகர் மாதிரி அமைந்த ஊர் சாந்தியாகோ. அடிப்படைக் கருவிகள்: இரண்டு வரிசைப் பட்டன் வைத்த அக்கார்டியன், தம்போரா என்ற இருமுக முரசு, குய்ரா. குய்ரா என்பது தகரத்தில் நெருக்கமாகத் துளை போட்டுச் சொரசொரப்பாக்கி உருளையாக வளைத்த கருவி. கம்பிப் பற்கள் உள்ள சுரண்டியால் மேலும் கீழும் இழுப்பார்கள். பழைய நாளில் அந்த இடத்தில் சுரைக்குடுக்கை இருந்தது. இவற்றோடு மரிம்பா. நாம் நினைக்கும் மரப்பலகை மரிம்பா கிடையாது. பெரிய மரப்பெட்டியில் உலோக நாக்குகளைப் பொருத்தியிருக்கும், வாசிப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து குனிந்து மீட்டுவார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருவிக் குடும்பம். பேஸ் கிதாருக்கு முன்னால் அடிநாதம் அதுதான்.

முதலில் டாட்டிக்கோ என்ரிக்கேஸ். 1976ல் கார் விபத்தில் இறந்துபோனார், வயது முப்பது சொச்சம். இன்றைக்கும் எந்த திப்பிக்கோ அக்கார்டியன்காரரும் அவரைத் தொடாமல் மேடை இறங்க மாட்டார். அப்புறம் ஃபெஃபிதா லா கிராந்தே. 1943ல் பிறந்தவர், வடமேற்கிலிருந்து வந்த பெண். ஆண்களின் வாத்தியம் என்று ஒதுக்கி வைத்திருந்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பார்த்தால்தான் தெரியும்.

தவில்ராசு

வாசு சார், தம்போராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். காணொளி பார்த்தேன், ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் வெறுங்கை. நம் தவில் மாதிரியே இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கை மாறியிருக்கிறது. தவிலில் கம்பு இடக்கையில், தொப்பி என்ற இடது முகத்தில். வலந்தலை என்ற வலது முகத்தில் கூடு மாட்டிய விரல்கள். இங்கே கம்பு வலக்கையில் இருக்கிறது. இடது பக்கம் உள்ளங்கை, கூடு கிடையாது.

வாசு_நியூயார்க்

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், ராசு. மடியில் குறுக்கே கிடத்தி வாசிப்பார்கள், நின்று வாசித்தால் கழுத்தில் பட்டை. வலக்கைக் கம்பு தோலை மட்டும் அடிக்காது, மரக்கட்டையையும் ஓரத்தையும் தட்டும். அந்த 'டக்' சத்தம் இல்லாவிட்டால் மெரெங்கே நொண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு உருட்டல் வந்து அடுத்த சுற்றின் முதல் அடியில் விழும். அந்த உருட்டலைப் பிடித்துக்கொண்டால் பாட்டு எங்கே போனாலும் நீங்கள் தொலைய மாட்டீர்கள். தோல் ஆட்டுத்தோல். ஒரு முகத்துக்குக் கிடா, மறுமுகத்துக்குப் பெட்டை, அப்போதுதான் இரண்டும் பேசும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

குய்ராக்காரரை லேசாக எடைபோடாதீர்கள். பாட்டு முழுக்க ஓய்வே இல்லாமல் ஒரு நீளம் இரண்டு குட்டை என்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தளர்ந்தால் மொத்தக் குழுவும் தளரும்.

பழையதட்டு

எல்லாம் சரி. ஆனால் கேள்வி "பாரம்பரிய இசை". வாசு நேராக மெரெங்கேயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அரசாங்கம் எழுதிக்கொடுத்த பதில் அது.

மெரெங்கே எப்படி 'தேசிய இசை' ஆனது என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். 1930ல் ரஃபாயேல் ட்ருஹியோ ஆட்சிக்கு வந்தபோது பிரசாரத்துக்கு பெரிகோ ரிபியாவோ குழுக்களைக் கூடவே அழைத்துப் போனார். அதுவரை மேல்தட்டு ஆட்கள் முகம் சுளித்த சரக்கு. ஆட்சிக்கு வந்ததும் சாந்தியாகோவிலிருந்து லூயிஸ் அல்பெர்த்தியின் ஆர்க்கெஸ்ட்ராவைத் தலைநகருக்கு வரவழைத்தார்கள். 1936ல் குழுவின் பெயரே 'ஒர்க்கெஸ்தா பிரெசிதெந்தே ட்ருஹியோ' ஆனது. அதே ஆண்டில் சாந்தோ டொமிங்கோ நகரத்தின் பெயரும் 'சியூதாத் ட்ருஹியோ' ஆனது, பொருத்தம்தான். அக்கார்டியனுக்குப் பதில் சாக்ஸபோன்கள், வழிப்போக்கன் பாட்டுக்குப் பதில் தலைவர் புகழ். தலைவரைப் பாடும் மெரெங்கேகளை நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். அவர் தம்பி பெத்தான் கையில் வானொலி நிலையம் 'லா வோஸ் டொமினிக்கானா'. 1952ல் அதே நிறுவனம் தொலைக்காட்சியும் தொடங்கியது. எந்தப் பாட்டுக்காரன் வாழ்வான், எவன் பட்டினி கிடப்பான் என்பதை ஒரு குடும்பம் தீர்மானித்தது, 1961 மே மாதம் ட்ருஹியோவைச் சுட்டுக் கொல்லும் வரை.

அதே ஆட்சிதான் 1937ல் எல்லைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களைக் கொன்றது. நாங்கள் ஸ்பானியர் வழி, ஆப்பிரிக்கா எல்லாம் பக்கத்து வீட்டு விவகாரம் என்பதுதான் அரசின் கதை. அந்தக் கதைக்குப் பொருந்திய இசை மேடை ஏறியது, பொருந்தாத முரசுகள் சேரியிலும் கரும்புக் காட்டிலும் கிடந்தன. இசைப்பித்தன் தேடுவது அந்த இரண்டாவது வகையை. வாசு முதலாவதைக் கொடுக்கிறார்.

வாசு_நியூயார்க்

> அரசாங்கம் எழுதிக்கொடுத்த பதில் அது.

அண்ணே, ட்ருஹியோ பிறப்பதற்கு முன்பே மெரெங்கே இருந்தது. 1850களிலேயே தலைநகரப் பத்திரிகைகளில் இந்த ஆட்டத்தைத் திட்டி எழுதினார்கள். பக்கத்து புவெர்த்தோ ரிக்கோவில் ஆளுநர் பெசுவேலா 1849ல் மெரெங்கேவுக்குத் தடையே போட்டார். 1875ல் உலீசெஸ் எஸ்பாய்யாத் இதைக் கண்டித்து எழுதினார். அடுத்த வருடம் அதிபரே ஆனார், மெரெங்கே ஓயவில்லை. அக்கார்டியன் வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். சிபாவோவில் விளைந்த புகையிலையை ஜெர்மன் வியாபாரிகள் வாங்கினார்கள், போகிற கப்பலில் புகையிலை, வருகிற கப்பலில் பட்டன் அக்கார்டியன். அதற்கு முன் அந்த இடத்தில் நரம்புக் கருவிகள் இருந்தன. பட்டன் அக்கார்டியனில் எல்லாச் சுரமும் கிடைக்காது, மெட்டே கெட்டுப்போயிற்று என்று அன்றே புலம்பியவர்கள் உண்டு.

1880ல் பிறந்த ஞீக்கோ லோராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போய், அந்த வாரம் நடந்ததை அன்றே பாட்டாகக் கட்டியவர். இவரை ட்ருஹியோ உண்டாக்கவில்லை. சர்வாதிகாரி ஒன்றைத் திருடிக்கொண்டான் என்பதற்காக அது திருடனின் சொத்து ஆகிவிடாது.

பழையதட்டு

திருட்டு என்றால் பொருளைத் திருப்பித் தர வேண்டுமே. ஆர்க்கெஸ்ட்ரா மெரெங்கே தேசியமாகவே நிலைத்துவிட்டது. 2005ல் நவம்பர் 26ஐ தேசிய மெரெங்கே நாள் என்றே அரசாணை போட்டார்கள். பாலோஸுக்கு நாள் இருக்கிறதா?

இசைப்பித்தன்_மதுரை

சண்டை நன்றாகப் போகிறது, நிறுத்த வேண்டாம். ஆனால் பாலோஸ் என்றால் என்ன?

நிலா_டொராண்டோ

இதுவரைக்கும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாலோஸ் என்றதும் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

பாலோஸ் என்பது நீளமான முரசுகள், அவற்றை வைத்துப் பாடுகிற பாட்டு, அந்த நிகழ்வு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அத்தபாலேஸ் என்றும் சொல்வார்கள். குடைந்த மரத்தண்டு, ஒரு பக்கம் மட்டும் தோல், மறுபக்கம் திறந்து இருக்கும். காலுக்கு நடுவில் சாய்த்துப் பிடித்துக் கையால் அடிப்பார்கள். பெரியது பாலோ மயோர். இடத்துக்கு இடம் இரண்டு முரசு, மூன்று முரசு என்று மாறும், தாளமும் மாறும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, நிற்கிற எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள். கிழக்கு, தெற்கு, மத்தி என்று நாடு முழுக்க இது இருக்கிறது. மெரெங்கே திப்பிக்கோ சிபாவோவின் சொத்து என்றால், பரப்பில் பாலோஸ் அதைவிடப் பெரியது.

எப்போது வாசிப்பார்கள் என்பதுதான் முக்கியம். ஒரு புனிதருக்கு நேர்ந்துகொண்டவர் வீட்டில், அந்தப் புனிதரின் நாளில். செப்டம்பர் 29 புனித மிக்கேல், ஜூன் 24 புனித யோவான் என்று. நேர்த்திக்கடன் சிலவேளை தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். முரசுக்காரருக்குச் சாப்பாடு, ரம், வந்த எல்லாருக்கும் சோறு. யாரும் டிக்கெட் வாங்கி வருவதில்லை. மிக்கேலுக்கு இன்னொரு பெயர் பெலியே பெல்கான், புனித அன்னாளுக்கு அனைசா. 'இருபத்தொரு பிரிவுகள்' என்று அங்கே சொல்லுகிற வழிபாட்டில் கத்தோலிக்கப் புனிதர்களுக்குள்ளேயே இந்த ஆவிகளும் இருக்கின்றன. தாளம் சூடேறும்போது சிலருக்கு அருள் வரும்.

பழையதட்டு அண்ணா கேட்ட "நாள் இருக்கிறதா" என்ற கேள்விக்கு இது பதில் என்று நினைக்கிறேன். அரசாணை நாள் இல்லாமலே அது ஓடுகிறது, ஏனென்றால் கேட்க ஆள் வேண்டும் என்று அவர்கள் வாசிக்கவில்லை. கடன் தீர்க்க வாசிக்கிறார்கள். வானொலி போடாவிட்டாலும் கடன் கடன்தானே.

தவில்ராசு

இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன், நிலா. கச்சேரிக்கு வாசிப்பது வேறு, சாமிக்கு வாசிப்பது வேறு. கோயில் வாத்தியக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சாவுக்கு வாசிப்பது உண்டா?

நிலா_டொராண்டோ

உண்டு. அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

சாந்தோ டொமிங்கோவுக்கு வடக்கே வியா மேயா என்ற இடம். அங்கே 'பரிசுத்த ஆவியின் கொங்கோஸ்' என்ற சகோதர சபை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அடிமைகளும் கலப்பினத்தவரும் தொடங்கியது. யுனெஸ்கோ 2001லேயே இதை மரபாக அறிவித்துவிட்டது, மெரெங்கேவுக்குப் பதினைந்து வருடம் முன்னாலே. முரசுகளைத் தங்களுக்குத் தந்தது பரிசுத்த ஆவிதான் என்பது அவர்களின் நம்பிக்கை. கருவிகள்: கொங்கோ மயோர், அதைவிடச் சின்ன கொங்கிட்டோ, மராக்காஸ் என்ற கிலுகிலுப்பைகள், பிறகு கனொயித்தா. கனொயித்தா என்பது சின்ன ஓடம் போலக் குடைந்த ஒரு மரத்துண்டும் அதைத் தட்டுகிற ஒரு குச்சியும். இவ்வளவு முரசுச் சத்தத்துக்கு மேலே அந்தச் சின்ன மரச்சத்தம் கணீரென்று தனியாகக் கேட்கும்.

பெந்தெகொஸ்தே நாளில் பெரிய விழா. சபையில் ஒருவர் இறந்தால் இரவு விழிப்பு, கல்லறை வரை ஊர்வலம், ஒன்பதாம் நாள் செபம், எல்லாவற்றிலும் கொங்கோஸ் ஒலிக்கும். இறந்தவரைக் குறிக்கிற ஒரு பொம்மையை வைத்து அதன் முன்னால் செபம் சொல்வார்கள். மூன்று வருடம் கழித்து பாங்கோ என்ற சடங்கு. திரும்பவும் அதே மாதிரிப் பீடம் கட்டி, இருப்பவர்கள் போனவரிடமிருந்து விடைபெறுவார்கள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆட வேண்டும்.

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்காவின் குடும்பம் அந்தப் பக்கம். "மூன்று வருடம் வரைக்கும் ஆள் முழுசாகப் போகவில்லை" என்று சாதாரணமாகச் சொல்லுவார்.

பழையதட்டு

நிலா, அருமை. அதே வியா மேயாவில் சால்வேயைச் சொல்லாமல் விடக்கூடாது.

தேவாலயத்தில் பாடும் 'சால்வே ரெகினா' மாதா மன்றாட்டு வெளியே ஊருக்குள் வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தாளமே இல்லாமல், இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்துப் பாடுவது. கண்ணை மூடிக் கேட்டால் ஸ்பெயினின் பழைய கிராமத்துத் தேவாலயம். இன்னொன்றில் பந்தேரோ என்ற கைப்பறை சேர்ந்துகொள்ளும், வேண்டுதல் வரிகளுக்கு நடுவே ஊர் வம்பு, காதல், கிண்டல் எல்லாம் வரும். ஒரே மாதாவுக்கு, ஒரே இரவில், ஒரே பீடத்தின் முன்னால் இரண்டையும் பாடுவார்கள். முன்னது ஸ்பெயின், பின்னது ஆப்பிரிக்கா என்று பேராசிரியர்கள் கோடு போடலாம், பாடும் பெண்களுக்கு இரண்டும் சால்வேதான். வியா மேயாவின் மாத்தா லோஸ் இந்தியோஸ் பகுதியைச் சேர்ந்த எனெரோலிசா நூன்யெஸ் குரலைத் தேடிக் கேளுங்கள். 2001ல் கினித்தோ மெந்தேஸ் என்ற மெரெங்கே நட்சத்திரம் பாலோஸையும் சால்வேயையும் எடுத்து ஒரு ஆல்பமே போட்டார், எனெரோலிசாவும் அதில் பாடினார், நாடே ஆடியது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆட்கள் எல்லாம்.

வாசு_நியூயார்க்

அப்படியானால் சந்தை உதவியதா இல்லையா, அண்ணே?

பழையதட்டு

உதவியது. மெரெங்கே நட்சத்திரத்துக்கு.

சும்மா_வந்தேன்

😂 பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு நிஜமான சந்தேகம். கரீபியன் என்றால் கரும்புத் தோட்டம். கரும்புத் தோட்டம் என்றால் நம் ஆட்கள் போயிருப்பார்களே? அங்கே நம் பறைச் சத்தம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

பழையதட்டு

தேடுகிற தீவு தவறு. கூலி ஒப்பந்தத்தில் தமிழர்கள் போனது பிரெஞ்சுத் தீவுகளுக்கு, குவாதலூப், மார்த்தினிக். அங்கே மாரியம்மன் வழிபாட்டில் தப்பு இன்றைக்கும் அடிக்கிறார்கள். டொமினிகன் குடியரசுக்கு அந்தக் கப்பல்கள் வரவில்லை. இங்கே கரும்பு வெட்ட இரண்டு கூட்டம் வந்தது, இரண்டும் இசையைக் கொண்டுவந்தது.

ஒன்று ஆங்கிலம் பேசும் சின்னத் தீவுகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள். கொக்கோலோஸ் என்பார்கள். தென்கிழக்கே சான் பெத்ரோ தே மாக்கொரீஸ் ஆலைகளுக்கு வந்தார்கள். அவர்களின் குலோயாஸ் ஆட்டக்குழு கிறிஸ்துமஸ் காலத்தில் தெருவுக்கு வரும். கண்ணாடிச் சில்லு தைத்த உடை, தலையில் மயிலிறகு, கையில் விளையாட்டுக் கோடரி. பெரிய பறை, பக்கப்பறை, புல்லாங்குழல், முக்கோண உலோகம். தாவீது கோலியாத்தை வீழ்த்துவது மாதிரிக் கதைகளை ஆடிக்காட்டுவார்கள். யுனெஸ்கோ 2005ல் இதையும் மரபாக அறிவித்தது. அடுத்த தலைமுறை ஸ்பானிஷுக்கு மாறிவிட்டது, பாட்டில் மட்டும் பழைய ஆங்கிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று ஹைட்டியிலிருந்து வந்தவர்கள். ஆலைக் குடியிருப்புகளுக்கு பத்தே என்று பெயர். புனித வாரத்தில் அங்கே ககா என்ற ஊர்வல இசை கிளம்பும். மூங்கில் குழல்கள், ஒரு குழலுக்கு ஒரே சுரம். ஆளுக்கு ஒரு சுரத்தை ஊதி, இடைவெளியில் அடுத்தவர் நுழைந்து, எல்லாம் சேர்ந்துதான் மெட்டு ஆகும். தனியாக ஒருவர் எதையும் வாசிக்க முடியாது. ஊதிக்கொண்டே குழலின் மேல் குச்சியால் தாளமும் தட்டுவார்கள். நடந்துகொண்டே இருக்கும் இசை, பத்தேயிலிருந்து பத்தேக்கு. டொமினிகன் இசை என்று இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் பட்டியலில் இதற்குத்தான் முதல் இடம்.

வாசு_நியூயார்க்

ககா விஷயத்தில் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தெற்கையும் விட்டுவிட வேண்டாம். பானி பக்கம் புனித யோவானுக்கு சரந்துங்கா என்று ஒரு முரசு ஆட்டம். தென்மேற்கில் மங்குலீனா, கராபினே என்ற ஆட்டங்கள். பிரிப்ரி என்ற கிராமியக் குழுக்களில் அக்கார்டியனோடு பால்சியே என்ற முரசு வரும். அதைத் தரையில் படுக்கவைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, கையால் அடித்துக்கொண்டே குதிகாலால் தோலை அழுத்திச் சுருதியை மாற்றுவார்கள். ராசு, இதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

தவில்ராசு

குதிகாலா! இன்றிரவு தூக்கம் போச்சு.

இசைப்பித்தன்_மதுரை

கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும். பச்சாத்தாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. அது பாரம்பரியத்தில் சேராதா? யுனெஸ்கோ சேர்த்திருக்கிறதே.

நிலா_டொராண்டோ

நான் ஆடப் பழகியதே பச்சாத்தாவில்தான், அதனால் பக்கச்சார்பு இருக்கும், சொல்லிவிட்டேன்.

வயதில் அது சின்னப் பிள்ளை. முதல் பதிவு 1962, ஹொசே மனுவேல் கல்தெரோன். ட்ருஹியோ போன அடுத்த வருடம் என்பது தற்செயல் இல்லை. ஒலிப்பதிவும் வானொலியும் ஒரு குடும்பத்தின் கையிலிருந்து விடுபட்டதும் கிராமத்திலிருந்து கிதாரோடு நகரத்துக்கு வந்த பையன்கள் பாடத் தொடங்கினார்கள். பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு வழி வந்த கிதார், போங்கோ முரசு, மராக்காஸ். மராக்காஸ் இருந்த இடத்துக்குப் பிறகு குய்ரா வந்தது. பாட்டெல்லாம் விட்டுப்போன பெண், குடி, கசப்பு. 'அமார்கே' என்றே அதற்கு ஒரு பெயர், கசப்பு என்று அர்த்தம். மெலிதா ரொத்ரிகேஸ் என்று ஒரு பாடகி அறுபதுகளில் அந்தக் கசப்பைப் பெண் பக்கத்திலிருந்து பாடினார், கட்டாயம் கேளுங்கள்.

படித்தவர்கள் வீட்டில் இதைப் போட மாட்டார்கள். சமையல் வேலைக்கு வருகிற பெண்களும் காவல்காரர்களும் கேட்கிற இசை, விலைமாதர் விடுதி இசை என்ற பெயர். ஒழுங்காகப் போட்ட ஒரே பெரிய நிலையம் ரதமெஸ் அரசேனாவின் ரேடியோ குவாரச்சித்தா. அதைக் கிராமமே கேட்டது. 1987ல் பிளாஸ் துரான் எலக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தார். 1990ல் ஹுவான் லூயிஸ் கெர்ரா 'பச்சாத்தா ரோசா' போட்டதும்தான் மேல்தட்டு வரவேற்பறையில் கதவு திறந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிற பச்சாத்தா நியூயார்க் பிராங்க்ஸில் வளர்ந்த அவெந்தூரா குழு வழி வந்தது.

நூறு வருடம் ஆகவில்லை என்பதற்காகப் பாரம்பரியம் இல்லை என்றால், அக்கார்டியன் மெரெங்கேவும் எஸ்பாய்யாத் காலத்தில் பாரம்பரியம் இல்லைதானே.

பழையதட்டு

இங்கே நிலா பக்கம் நான். பச்சாத்தாவை எந்த அரசும் தூக்கிப் பிடிக்கவில்லை. மிதித்தார்கள், அது எழுந்து வந்தது.

ஆனால் இன்றைய எலக்ட்ரிக் திப்பிக்கோ இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது. பேஸ் கிதார், காங்கா முரசு, காலால் உதைக்கும் பெரிய டிரம், பாட்டின் பாதியில் தொடங்கி முடிவே இல்லாமல் ஓடும் மம்போ பகுதி. தம்போரா உருட்டல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மரிம்பாவை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு இதைத் திப்பிக்கோ என்கிறார்கள்.

வாசு_நியூயார்க்

டாட்டிக்கோவை எல்லோரும் கொண்டாடுகிறோம். பேஸ் கிதாரும் சாக்ஸபோனும் திப்பிக்கோவில் ஊன்றியது அவர் காலத்தில்தானே? அன்றைக்கும் ஒரு பழையதட்டு சாந்தியாகோவில் உட்கார்ந்து இதையே சொல்லியிருப்பார். மம்போ நீளுவதற்குக் காரணம் தரையில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது அக்கார்டியன்காரர் எப்படி நிறுத்துவார்? கேசட்டில் கேட்டால் நீளம், ஆடிக்கொண்டு கேட்டால் போதாது. அக்கார்டியன் விரல் வேகத்தில் எல் புரொதிஹியோ என்ற கலைஞரைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள், அப்புறம் பேசலாம்.

பழையதட்டு

விரல் வேகம் ஒரு வாதமா? தட்டச்சுக்காரருக்கும் இருக்கிறது.

நெறியாளர்

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். இசைப்பித்தனுக்குக் கேட்கும் வரிசை வேண்டுமாம், அதற்கு வாருங்கள்.

வாசு_நியூயார்க்

சரி. என் வரிசை: முதலில் ஞீக்கோ லோராவின் மெரெங்கேகளை யாராவது மூன்று கருவியோடு மட்டும் வாசித்த பதிவு. உடனே டாட்டிக்கோ. பிறகு பிரான்சிஸ்கோ உல்லோவா, வேகத்துக்காக. ஃபெஃபிதாவை ஒலியாகக் கேட்காமல் காணொளியாகப் பாருங்கள். இதெல்லாம் முடிந்தபிறகு திரும்பிப் போய் அல்பெர்த்தியின் 'கொம்பாத்ரே பெத்ரோ ஹுவான்' கேளுங்கள். அண்ணன் திட்டுகிற ஆர்க்கெஸ்ட்ரா மெரெங்கே எவ்வளவு அழகாக மடித்து இஸ்திரி போட்டு வந்தது என்று அப்போதுதான் புரியும்.

நிலா_டொராண்டோ

என்னுடையது தலைகீழ். முதலில் வியா மேயா கொங்கோஸ், ஹெட்போன் போட்டு, கனொயித்தாவை மட்டும் பின்தொடர்ந்து. பிறகு தாளமில்லாத சால்வே ஒன்று, பந்தேரோ சால்வே ஒன்று, அடுத்தடுத்து. பிறகு கிழக்குப் பக்கத்துப் பாலோஸ். பாட்டு எப்போது முடியும் என்று பார்க்க வேண்டாம், பல பதிவுகளில் நடுவிலிருந்து தொடங்கி நடுவிலேயே அறுந்துவிடும். ஸ்பானிஷ் தெரியாதது தடையில்லை, எதிர்ப்பாட்டு இரண்டு மூன்று சொல்தான், இரண்டாவது சுற்றில் நீங்களே பாடுவீர்கள்.

லூயிஸ் தியாஸ் என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2009ல் காலமானார். எழுபதுகளில் கொன்விதே குழுவோடு கிராமம் கிராமமாகப் போய் இவற்றைச் சேகரித்தவர், பிறகு அதை ராக் இசையோடு உரசிப் பார்த்தவர்.

பழையதட்டு

புனித வாரத்து ககா பதிவு, நல்ல ஸ்பீக்கரில், மூங்கில் குழல்கள் இடமிருந்து வலம் நடந்து போவது கேட்கிற மாதிரி. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இங்கே வந்து கருத்துச் சொல்லக் கூடாது.

தவில்ராசு

வாசு சார், இங்கே சென்னையில் தம்போரா வாங்க வழி இருக்கிறதா? அல்லது யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவர முடியுமா? தோல் மட்டும் நான் இங்கேயே மாட்டிக்கொள்வேன், கட்டைதான் வேண்டும்.

வாசு_நியூயார்க்

சென்னையில் நான் பார்த்ததில்லை. டிசம்பரில் வருகிறேன், கட்டை விமானத்தில் ஏறும். ஆனால் ராசு, நாணும் வளையமும் வைத்து இழுத்துக் கட்டுகிற அமைப்பா, திருகாணி வைத்ததா என்று இப்போதே சொல்லிவிடுங்கள். திருகாணி கனம் அதிகம்.

தவில்ராசு

நாண். திருகாணி வேண்டவே வேண்டாம்.